நாற்காலியிடம் கேட்ட மன்னிப்பு

ஜனவரி 12

அன்புள்ள அப்பாவுக்கு,

கொசு எழுதுவது. நான் நலம். அம்மா நலம். சமையலறைக் குழாய்க்கு மட்டும் மூக்கொழுகல். உங்கள் நலத்தைத்தான் நேற்றே பேப்பரில் படத்தோடு போட்டுவிட்டார்களே! இருந்தாலும் மரியாதைக்குக் கேட்கிறேன், நலமா?

அரைப் பக்கம், அப்பா! "குடியிலிருந்து மீண்ட லிஃப்ட் மெக்கானிக், இன்று பத்தொன்பது ஊர்களில் மீட்புக் கூட்டங்களின் நிறுவனர்." நிறுவனர் என்றால் எதையாவது நிறுவுகிறவர் என்று தமிழ் டீச்சர் வகுப்பில் விளக்கினார். எங்கள் வீட்டில் அவர் நிறுவுவதாகச் சொன்ன சுவர் அலமாரி இன்னும் தரையில் மல்லாந்து கிடக்கிறது என்று எழுந்து சொன்னேன். வகுப்பே சிரித்தது, டீச்சரைத் தவிர. பிறகு உங்கள் படத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். இடைவேளை முடிந்து பார்த்தால் உங்களுக்கு மீசை முளைத்திருக்கிறது. தலைமையாசிரியை விசாரணை நடத்துகிறார். "பெத்த அப்பா படத்துல அவளே கிறுக்குவாளா?" என்று எனக்காக வாதாடியதும் தமிழ் டீச்சர்தான். பாவம், மனிதர்களை நம்புகிறவர்.

அவருக்கு நான் செய்யும் கைம்மாறு, பள்ளி மலருக்கு ஒரு கட்டுரை. தலைப்பு: 'நிறுவனரின் இளமை'. பேப்பரில் அதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. "சிறுவயதில் பெற்ற கிறிஸ்தவ வளர்ப்பே இவருக்கு அடித்தளம்." லிஃப்ட் ஆளுக்கு அடித்தளம்தான் ஆபீஸ், அது தெரியும். அந்த வளர்ப்பு என்ன வளர்ப்பு? தாத்தா போதகர் என்பதைத் தவிர எனக்கு ஒன்றுமே தெரியாது.

ஆகவே, கேள்வி ஒன்று: அந்த வீட்டில் உங்களை எப்படி வளர்த்தார்கள்? கேள்வி இரண்டு: "தெளிஞ்சுட்டு வாங்க" என்று அம்மா உங்களை அனுப்பி மூன்று வருடம். நீங்கள் தெளிந்து இரண்டு வருடம் என்று பேப்பரே சொல்கிறது. எப்போது வருகிறீர்கள்?

பதில் கடிதமாகவே வரட்டும். அம்மா போன் விதியைத் தளர்த்தவில்லை. "போன்ல குழறினா தூக்கக் கலக்கம்னு சொல்லித் தப்பிச்சுடலாம். கையெழுத்து குழறினா எங்க ஒளிக்கறது?" என்கிறாள். தபால் ஆபீசில் அவள் தபால் பிரிக்கும் மேசைக்கு உங்கள் உறை வந்தால் முகவரி வரி கோணாமல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பாளாம். வீட்டுக்கு வந்து என்னிடம் நீட்டும்போது "நேரா இருக்கு" என்பாள். அவ்வளவுதான் அவள் விமர்சனம்.

கடிதம் என்றாலே அதில் கடி உண்டு. எழுதுவது கொசு வேறு. சொறிந்துகொள்ளாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கொசு


ஜனவரி 27

என் கொசுவுக்கு அப்பாவின் அன்பு.

நான் சுகம். முழங்கால் மட்டும் படியைப் பார்த்தால் முனகுகிறது. அம்மாவின் கழுத்து வலி எப்படி? மேசை உயரத்தை மாற்றிக் கொடுத்தார்களா? மீசை கொஞ்சம் இடப்பக்கம் சரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த முறை அளவுகோல் வைத்து வரை.

உன் கட்டுரைக்கு எழுதுகிறேன். எங்கள் வீடும் ஆலயமும் ஒட்டியிருந்தன. நடுவில் ஒரே சுவர். அடுப்படியில் உட்கார்ந்தால் அந்தப் பக்கம் பாடகர் குழு ஒத்திகையில் யார் சுருதி விலகுகிறார்கள் என்று தெரியும். சாப்பாட்டு மேசைக்கு நாங்கள் நாலு பேர், நாற்காலி ஐந்து. ஐந்தாவது இயேசுவுக்கு. அதன் முன்னால் தினமும் தட்டு வைத்து, டம்ளரில் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிஷப்பே வந்தாலும் ஸ்டூல்தான், அந்த நாற்காலி கிடையாது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, குளித்துத் தலைவாரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராக அதன் முன்னால் நிற்போம். அந்த வாரம் செய்த தப்பையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முடிந்ததும் உன் தாத்தா சொல்வார்: "கேட்டாச்சு, மன்னிச்சாச்சு. இனி இந்த வீட்டுல அந்தப் பேச்சே கிடையாது." உண்மையாகவே கிடையாது. உன் அத்தையின் பொம்மைக்குக் கண் எப்படி மூடித் திறக்கிறது என்று பார்க்க ஏழு வயதில் அதன் தலையைக் கழற்றி உடைத்தேன். சனிக்கிழமை சொன்னேன். தீர்ந்தது. வெளியே ஓடினால் கால் தரையில் படாது, அத்தனை லேசாக இருக்கும்.

முதல் கூட்டத்தை ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்தில், லிஃப்ட் சாமான் அறையில் போட்டபோது எனக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். ஐந்து பேர், ஆறு மடக்கு நாற்காலி. ஆறாவதைக் காலியாக வைத்தோம். இன்று பத்தொன்பது ஊரிலும் காலி நாற்காலி இருக்கிறது. அவரவர் அதில் தங்கள் சாமியை உட்கார வைத்துக்கொள்கிறார்கள். சாமி இல்லாதவர் மனசாட்சியை. ஒருவர் செத்துப்போன தன் நாயை உட்கார வைத்திருக்கிறார். நன்றாகக் கேட்கிறதாம்.

இன்னும் எழுத ஆசை. மூன்றாம் லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவில் நிற்கிறதாம், உள்ளே ஆள் இருக்கிறார்களாம். ஓடுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா


பிப்ரவரி 10

அன்புள்ள நிறுவனர் அவர்களுக்கு,

கொசுவின் ரீங்காரம். இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் ரெண்டு பேர். அம்மாவுக்கு மேசை உயரத்தை மாற்றவில்லை, அதனால் கழுத்தையே மாற்றிக்கொண்டுவிட்டாள். இப்போது உலகத்தைச் சாய்வாகப் பார்க்கிறாள். உங்கள் முழங்கால் என்ன சொல்கிறது?

விடைத்தாள் திருத்தியாயிற்று. கேள்வி ஒன்றுக்குப் பத்துக்குப் பத்து. நாய்க்குத் தனியாக ரெண்டு. கேள்வி இரண்டைத் தொடவே இல்லை. நடுவில் நிற்பது மூன்றாம் லிஃப்ட் மட்டும்தானா?

உங்கள் முறையை நானும் செய்து பார்த்தேன். சனிக்கிழமை ஆறு மணி, கை பின்னால், எதிரே காலி நாற்காலி. துவைத்த துணியை அள்ளிக்கொண்டு அம்மா உள்ளே வந்தாள்.

"யாருகிட்டடி பேசுற?"

"நாற்காலிகிட்ட. பாவமன்னிப்பு."

"நீ என்ன பாவம் பண்ணின?"

"காலையில சர்க்கரை டப்பால உப்பைப் போட்டு வெச்சேன்."

"அந்த டீயக் குடிச்சது யாரு?"

"நீதான்."

"அப்புறம் நாற்காலி எதுக்கு?"

துணியோடு போய் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இப்ப சொல்லு." அப்பா, நாற்காலியிடம் சொல்வது சுலபம். அம்மா இருக்கும் நாற்காலியிடம் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவள் உடனே மன்னிக்கவும் இல்லை. குழாயடியில் கழுவாமல் கிடந்த பாத்திரத்தையெல்லாம் காட்டினாள்.

அதற்குப் பிறகு இந்த நாற்காலிக் கதை எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்னவோ. ஒரே துண்டை நாலு தடவை மடித்துப் பிரித்தாள். "அப்ப அங்க எல்லாத்தையும் சொல்லிட்டாராமா? நம்மளப் பத்தியும்?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். "எழுதிக் கேளு" என்று அவள் சொல்லவில்லை. நானாகத்தான் கேட்கிறேன்.

சொன்னீர்களா?

பதிலை எதிர்பார்த்து, உப்பும் சர்க்கரையும் அவரவர் டப்பாவில் இருக்க,

கொசு


மார்ச் 3

என் கொசுவுக்கு,

நானும் முழங்காலும் சமாதானமாகிவிட்டோம். நீங்கள் இருவரும் நலமென்று நம்புகிறேன். பதில் தாமதம், கோபிக்காதே. இருபதாவது ஊரில் கூட்டம் தொடங்கினோம். மூன்று வாரம் அங்கேயே.

நீ கேட்டதற்குப் பதில்: சொன்னேன். முதல் கூட்டத்தின் முதல் வார்த்தையே நீங்கள் இருவரும்தான். அம்மா எனக்காக மேற்பார்வையாளரிடம் சொன்ன பொய்க் காய்ச்சல்களைச் சொன்னேன். உன்னைப் பஸ் நிலையத்துப் பெஞ்சில் உட்கார வைத்து மறந்ததைச் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அதன் பிறகு எந்த ஊரில் புதிதாகக் கூட்டம் தொடங்கினாலும் அதைத்தான் முதலில் சொல்கிறேன். அதைக் கேட்டுத்தான் மற்றவர்களுக்கும் வாய் திறக்கிறது.

உன் கடிதங்களில் நீ அதைப் பற்றி ஒருநாளும் எழுதியதில்லை. அம்மாவும் யார் மூலமாகவும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. எங்கள் வீட்டு வழக்கம் போலத்தான் என்று எடுத்துக்கொண்டேன். மன்னித்தாயிற்று, அதனால்தான் பேச்சில்லை என்று.

ஏப்ரலில் வரப் பார்க்கிறேன். படிப்பைக் கவனி. குழாயில் வாஷர் தேய்ந்திருக்கும், மாற்றச் சொல்.

அப்பா


மார்ச் 8

அப்பாவுக்கு,

நலம். நலமா.

நாங்கள் பேசாமல் இருந்தது மன்னித்ததால் இல்லை. நீங்கள் ஆரம்பிப்பீர்கள் என்று காத்திருந்ததால்.

இருபது ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெஞ்ச் கதை தெரியும். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே அவள் பக்கத்துக் கதையை அவளே சொல்கிறாள்.

எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூட ஷூ வாங்கப் போனோம். "அஞ்சு நிமிஷம், இங்கயே உட்காரு" என்று எதிரே இருந்த கடைக்குள் போனீர்கள். மணி ரெண்டு. ஒரு மணி நேரம் கழித்து டிக்கெட் கவுன்ட்டர்காரர் வந்து "யாரு பாப்பா உன்னைக் கூட்டிட்டு வந்தது?" என்றார். எங்க அப்பா துப்பறியும் நிபுணர், எதிர்க் கடையில் ஒரு திருடனைக் கண்காணிக்கிறார், சத்தம் போடாதீங்க என்றேன். அவர் திரும்பி அந்தக் கடையின் பலகையைப் பார்த்தார். ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். நான் கதை விட ஆரம்பித்தது அன்றுதான், அப்பா. அதற்கு முன்னால் நான் ரொம்ப வாய் செத்த பிள்ளை. அம்மாவைக் கேளுங்கள்.

நீங்கள் என்னை மறந்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். இதைக் கேளுங்கள். ஆறேகாலுக்கு நீங்கள் வெளியே வந்தீர்கள். நான் எழுந்து நின்று கையாட்டினேன். நீங்கள் பார்த்தீர்கள். யாரோ வீட்டுக் குழந்தை என்று நினைத்தீர்களோ என்னவோ, சிரித்துக்கொண்டே நீங்களும் கையாட்டினீர்கள். பிறகு பஸ் ஏறிப் போய்விட்டீர்கள்.

கவுன்ட்டர்காரர் வேலை முடிந்ததும் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

எழுத்து அங்கங்கே பரவியிருந்தால் பேனா ஒழுகுகிறது என்று அர்த்தம்.

கொசு


ஏப்ரல் 2

அப்பாவுக்கு, கொசு வணக்கம். இங்கே உடல்நலத்துக்குக் குறைவில்லை, தபால்நலம்தான் மோசம்.

இருபத்தைந்து நாள். தினமும் அம்மா செருப்பைக் கழற்றும்போதே அவள் கைப்பையைப் பார்க்கிறேன். நேற்று அவளே "இல்லடி" என்றாள், நான் கேட்பதற்கு முன்னால். ஊர்த் தபாலெல்லாம் பிரிக்கிறவள் வீட்டில் தபால் பஞ்சம். நான் எழுதியது அதிகமா? அதிகம் என்றாலும் திருப்பி எடுத்துக்கொள்ளப் போவதில்லை. தபாலில் போட்டால் போட்டதுதான், அம்மாவே சொல்லியிருக்கிறாள். கோபமென்றால் கோபம் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். குடித்துவிட்டீர்கள் என்றால் அதையும். ஒன்றும் எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

நடுவில் ஒரு செய்தி. நம் குடும்பத்தில் எனக்கு வந்த ஒரே சொத்து சொத்தைப் பல். அதைப் பிடுங்கப் பல் டாக்டர் அத்தையிடம் போனேன். என் வாயில் பஞ்சை அடைத்துவிட்டு அத்தை பேசுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும், எதிர்க்கட்சியே கிடையாது. பொம்மை விஷயத்தை எழுதிக் காட்டினேன். கையில் குறடோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"நாற்காலிகிட்ட மன்னிப்புக் கேட்டான். பொம்மை என்னோடதுடி."

நான் "ம்ம்?" என்றேன். அதற்கு மேல் சொல்ல வாயில் இடமில்லை.

"சொல்லிட்டு விளையாட ஓடிட்டான். நான் தலையில்லாத பொம்மைய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அழக்கூடக் கூடாது. அந்தப் பேச்சுதான் கிடையாதே. எங்கப்பா நல்லவர்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா மன்னிக்கறதெல்லாம் அவரே முடிச்சுடுவாரு. என் முறை வரவே இல்ல."

"வலிக்குதா?" என்றாள். பல்லைக் கேட்டாளா என்று தெரியவில்லை. தலையாட்டினேன்.

ஒரு வரியாவது,

கொசு


ஏப்ரல் 19

என் மகளுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. குடிக்கவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்?

எட்டுக் கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றும் கூட்டத்தில் பேசுவது போலவே வந்தது. எந்த இடத்தில் நிறுத்தினால் கேட்பவர்கள் கண்ணைத் துடைப்பார்கள் என்று எனக்கு இப்போது தெரியும். அதனால்தான் எழுதக் கை கூசியது.

நான் கையாட்டினேன் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு வருடமாக 'மறந்தேன், மறந்தேன்' என்று நாற்காலியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 'இல்லை மகனே, நீ கையாட்டினாய்' என்று அது ஒருநாளும் சொன்னதில்லை. அதற்குக் கண் ஏது.

உன் கடிதம் வந்த வாரம் கூட்டத்தில் என் முறை வந்தது. எழுந்து நின்றேன். 'மறந்தேன்' என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். பேக்கரிக்காரர் ஒருவர் புதிதாக வருகிறார், விவரமில்லாத மனிதர். "தலைவரே, இவ்வளவு நாளா சொல்றீங்களே, நாற்காலி திருப்பி என்ன சொல்லுச்சு?" என்றார். எல்லோரும் அவரை அடக்கினார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் நிஜமாக நம்பியிருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே வந்திருப்பேன். வேலை, புது ஊர், முழங்கால் என்று நான் சொன்னதெல்லாம் சாக்கு. நாற்காலி முகத்தைத் திருப்பிக்கொள்ளாது. நீங்கள் திருப்பிக்கொள்வீர்கள்.

மே பத்தாம் தேதி, ஞாயிறு. வரலாமா என்று அம்மாவிடம் கேட்டு எழுது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எழுது, பூசி மெழுகாதே.

அப்பா


ஏப்ரல் 26

அன்புள்ள அப்பாவுக்கு,

கொசுவுக்குச் சிறகு முளைத்திருக்கிறது. பல் போன இடம் ஆறிவிட்டது. அம்மா கழுத்தும் நேராகிவிட்டது, ஏனென்றால் உங்கள் உறையைப் பார்த்த அன்று மேசையிலிருந்து அவ்வளவு வேகமாக நிமிர்ந்தாளாம். இது நான் சொல்லவில்லை, அவளோடு வேலை செய்யும் முத்திரை அக்கா சொன்னது.

கடிதத்தை அம்மாவிடம் நீட்டினேன். நின்றபடியே படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"என்னம்மா, வரலாமாங்கறார்?"

"வரட்டும்."

"அவ்வளவுதானா?"

"ஒப்பிக்கக் கூடாதுன்னு எழுது. கூட்டத்துல பேசறத இங்க வந்து பேசினா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்."

"வேற?"

"உடனே பதில் கேக்கக் கூடாது."

"வேற?"

"நீ நடுவுல ஜோக் அடிக்கக் கூடாது."

மூன்றாவது விதிதான் கஷ்டம். முயற்சி செய்கிறேன்.

அப்பா, ஒன்று மட்டும். பத்தாம் தேதி என்றால் பத்தாம் தேதி. அன்று காலை நான் ஜன்னலருகே உட்கார மாட்டேன். எனக்கு உட்கார்ந்து காத்திருப்பது ஒத்துக்கொள்ளாது. வீடு முழுக்க நடந்துகொண்டே இருப்பேன். நீங்கள் வராவிட்டால் நான் நடப்பதை நிறுத்தவே மாட்டேன், உங்களுக்குத்தான் செருப்புச் செலவு.

வருவீர்கள்தானே?

கொசு


மே 11

அன்புள்ள பல் அத்தைக்கு,

கொசு எழுதுவது. மீதிப் பற்களெல்லாம் நலம். உங்கள் குறடு நலமா?

அப்பா வந்தார். பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர் எட்டுக்கே வந்து தெருமுனை செருப்புக் கடை வாசலில் நின்றிருக்கிறார். பால் வாங்கப் போன நான்தான் பார்த்தேன். ஒல்லியாகிவிட்டார், அத்தை. பேப்பர் படத்தில் தெரியவில்லை. "ரெண்டு மணி நேரம் முன்னாடியே வந்துட்டீங்களே" என்றேன். "லேட்டாயிடுமோன்னு பயம்" என்றார்.  பால் பாக்கெட்டை அவர் வாங்கிக்கொண்டார்.

கூடத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவர் நின்றார். கை தானாகப் பின்னால் போயிற்று. கண் சுவரோரம் இருந்த காலி நாற்காலியைத் தேடிப்போயிற்று.

"அங்க யாருமில்ல. என்னைப் பாருங்க" என்றாள் அம்மா.

ஆறு தப்புகளைச் சொன்னார், அத்தை. பொய்க் காய்ச்சல். அம்மாவின் பதவி உயர்வுப் பரீட்சை நாளில் வீட்டைப் பூட்டிச் சாவியோடு போனது. தெருவில் விழுந்து கிடந்தவரை அவள் ஆள் பிடித்துத் தூக்கி வந்தது. மற்றதெல்லாம் அவர்களுக்குள் இருக்கட்டும். எதுவும் கோவையாக வரவில்லை. பாதியில் நிறுத்தினார், தண்ணீர் கேட்டார், திருத்திச் சொன்னார். பேப்பர்காரர்கள் பார்த்திருந்தால் அரைப் பக்கம் போட்டிருக்க மாட்டார்கள்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ கையாட்டினது எனக்கு ஞாபகம் இல்லடா. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், வரல. ஞாபகம் இல்லாததுக்கும் சேத்து மன்னிச்சுடு" என்றார்.

அந்த நொடிக்கு என்றே ஒரு வாரமாக ஒரு ஜோக் தயார் பண்ணி வைத்திருந்தேன். விதியை மீறியாவது அடித்துவிடுவது என்று இருந்தேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. நாலே கால் மணி நேரம், நாலே கால் மணி நேரம் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேனாம். எனக்கு நினைவில்லை. அவர் சட்டைத் தோள் நனைந்தது மட்டும் தெரியும்.

 அம்மா எழுந்து போய் மறுநாள் வேலைக்குக் கட்டும் தன் புடவைக்கு இஸ்திரி போட்டாள். மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் அப்பா, "ஏதாவது சொல்லேன்" என்றார். "யோசிக்கணும்னு சொல்லியிருந்தேனே" என்றாள். அவர் தலையாட்டிக்கொண்டே போனார். தெரு திரும்பும்வரை அம்மா கதவை மூடவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் உங்கள் ஊருக்கு வருகிறார். பொம்மைக்காக. வாயில் பஞ்சு அடைக்காதீர்கள், இந்தத் தடவை அவர் பேசட்டும்.

கொசு


மே 20

அடியே கொசு,

நான் நல்லா இருக்கேன். ராத்திரி பல் தேய்க்கறியா? பொய் சொல்லாதே, அடுத்த தடவை வாயைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

உன் அப்பன் வந்தான். கிளினிக்கில் மூன்று பேர் காத்திருந்தார்கள். வரிசையில்தான் வரணும் என்று அவனையும் உட்கார வைத்தேன். உள்ளே வந்து நோயாளி நாற்காலியில் உட்காரப் போனவன், சட்டென்று விலகி அதன் பக்கத்தில் நின்றுகொண்டான். "அக்கா, உன் பொம்மைய உடைச்சுட்டேன்" என்றான். ஏதோ போன வாரம் உடைத்தது போல. எனக்கு ஐம்பத்துமூன்று வயது, தலைமுடி பாதி வெள்ளை. 'ஓ'வென்று அழுதேன். வெளியே இருந்தவர்களில் ஒருவர், பல்லைப் பிடுங்கியதாக நினைத்து எழுந்தே போய்விட்டார்.

மன்னித்தேனா என்று கேட்பாய். ஒரு வாரம் இழுத்தடிக்கத்தான் ஆசை, இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த முறையாச்சே. கால் மணி நேரம்தான் தாங்கியது.

உன் அம்மாவை அவசரப்படுத்தாதே. எனக்குப் போனது பொம்மை. அவளுக்குப் போனது வேறே.

அன்புடன், அத்தை


ஜூன் 9

கொசுவின் அப்பாவுக்கு,

இங்கு நலம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

நீங்கள் வந்து போய் ஒரு மாதமாகிறது. நான் எழுதவில்லை என்று மகள் என்னோடு பேச்சைக் குறைத்துவிட்டாள். வீடு அமைதியாக இருப்பது நல்லதுதான், எனக்குத்தான் பழக்கமில்லை.

நீங்கள் சொன்ன ஆறையும் யோசித்தேன். நான்கை விட்டுவிட்டேன். எந்த நான்கு என்று கேட்காதீர்கள். இரண்டை விட முடியவில்லை. முடியும்போது சொல்கிறேன், முடியாமலும் போகலாம். அன்று நீங்கள் பாதியில் நிறுத்தித் தண்ணீர் கேட்டீர்களே, அந்த இடத்தில்தான் உங்களை நம்பினேன்.

ஆனால் ஒன்றை நீங்கள் சொல்லவில்லை. அந்த ஆறும் குடித்தவர் செய்தது. தெளிந்த பிறகு இரண்டு வருடம் இந்த வீட்டுப் பக்கம் வராமல் இருந்தாரே, அவர் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குடித்தவருக்காக நான் காத்திருக்கவில்லை. காத்திருந்தது இவருக்காக. ஒவ்வொரு உறையையும் வாங்கிப் பார்த்து, எழுத்து நேராக இருக்கிறது, கை நடுங்கவில்லை, பிறகு ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொண்டேன். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது.

அதை எழுதி அனுப்ப வேண்டாம். நேரில் வந்து சொல்லுங்கள். இந்த மாதம் எனக்குச் சனிக்கிழமைகளில் வேலை இல்லை.

சாப்பிட்டுவிட்டு வர வேண்டாம்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா